சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி

"சதுப்பு முனையை எங்கப்பாவுக்கே திருப்பிக் குடுத்துருங்க, ஹென்னிங்."

கடைக்குள் வந்து காலணிச் சேற்றைக்கூடத் தட்டவில்லை, யில்வா கேட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் துப்பாக்கிப் பையைத் தோளில் போட்டபடி கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஸ்டூரே, பிடியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். வண்டியில் வரும்போது மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். துப்பாக்கி தாங்கற முக்காலி பாக்கறோம், வாங்கறோம், வர்றோம். இடத்தப் பத்தி மட்டும் அவன்கிட்ட வாயத் தொறக்காத.

அந்த ஊரில் வேட்டைத் தலைவரிடம் எனக்கு இந்த இடம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மூஸ் மான் வேட்டை தொடங்குகிற காலையில் அவர் கைகாட்டுகிற இடத்தில் போய் நிற்பார்கள். பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போய்த் திட்டிக்கொள்வார்கள். கேட்டவனுக்கு, கேட்டான் என்பதற்காகவே அந்த இடம் கிடைக்காது.

ஹென்னிங் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த வேட்டைச் சாமான் கடை அவருடையது. வேட்டைக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். ஊரைச் சுற்றியிருக்கிற காட்டில் பாதி அவர் பெயரில் இருந்தது.

"பல்கலைக்கழகத்துல இப்பிடித்தான் சொல்லித் தர்றாங்களா? வாசப்படியிலயே கேட்டுரணும்னு?"

"காலுக்கு முன்னாடி வாய் உள்ள வந்துருச்சு," என்றார் கல்லாவோரம் சாய்ந்திருந்த ஆர்விட். மர ஆலைக்காரர். ஹென்னிங் இருக்கிற இடத்தில் அவரும் இருப்பார். ஹென்னிங்குக்குச் சிரிப்பு வருவதற்கு முன்பே இவருக்கு வந்துவிடும்.

"நான் அவகிட்ட சொன்னேன்," என்றார் ஸ்டூரே யாரிடமென்றில்லாமல். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

யில்வாவுக்கு அந்த நாற்காலியைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அப்பா எங்கே போனாலும் இப்படித்தான், ஒரு ஓரத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடுவார். அவர் குடும்பத்தில் ஒரு மரம்கூட யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. முப்பது வருஷம் ஹென்னிங்கின் காட்டில் மோட்டார் ரம்பம் பிடித்தார். அதற்குக் கூலிபோகக் கிடைத்த ஒரே மரியாதை, வேட்டைக் குழுவில் ஓர் ஆளாக இருப்பதும் சதுப்பு முனையில் நிற்பதும்தான். குளிர்காலம் முழுக்க வீட்டில் இருந்த கறி அங்கே விழுந்த கறி. அவள் படித்த ஊரில், தோழிகள் அப்பா என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம் அவள் வேலையைச் சொல்லமாட்டாள், அந்த இடத்தைச் சொல்வாள். இந்த வருஷம் அவரை அங்கிருந்து எடுத்து, சாலையோரம் மூஸின் நிழல்கூட வராத இடத்தில், வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"கை நடுங்குதுன்னுதான எடுத்தீங்க? அதுக்குத்தான் முக்காலி வாங்க வந்திருக்கோம். துப்பாக்கிய அதே தாங்கிக்கும். அவர் விசைய இழுத்தா போதும்."

"முக்காலிக்கு மூணு காலு, இவனுக்கு ரெண்டு. ஆக அஞ்சு காலு," என்றார் ஹென்னிங். "மூஸ் பாத்துச்சுன்னா சிரிச்சே செத்துரும். குண்டு மிச்சம்."

ஆர்விட் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அந்தக் கை எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க காட்டுல ரம்பம் உலுக்கி உலுக்கித்தான் போச்சு."

"வேல செஞ்சான், கூலி குடுத்தேன். போன வருஷம் உங்கப்பன் சுட்டு வயித்துல குண்டோட ராத்திரி பூரா சேத்துல கெடந்துச்சே, அந்தப் பொட்ட மூஸு, அதுக்கு யாரு கூலி குடுக்கறது? விடிஞ்சு நாய்ங்க கண்டுபுடிச்சப்ப பக்கத்துல குட்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. தாயச் சுட்டு வேதனைய முடிச்சு வெச்சவன் நான். உங்கப்பன் இல்ல."

யில்வாவுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

"இருக்கறதுலயே நல்ல முக்காலிய எடுங்க," என்றாள்.

ஹென்னிங் உள்ளறைக்குப் போனார். ஜன்னல் பக்கம் மெலிதான முக்காலி ஒன்று சாத்தி வைத்திருந்தது. கார்பன் இழையில் செய்தது, தலையில் ரப்பர் பூசிய ஒரு கவை மட்டும். யில்வா அதைக் கையில் எடுத்தாள். எடையே இல்லை. கால்களை விரித்து, பூட்டுகளைத் தளர்த்தி உயர்த்தி, கவையில் இடது கையை வைத்து, துப்பாக்கி இருப்பதுபோல் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை. அந்த உயரத்திலேயே பூட்டுகளை இறுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பினாள். ஸ்டூரே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹென்னிங் கொண்டுவந்தது வேறு சாதி. உலோகக் கால்கள், கட்டைவிரல் பருமனில் திருகுகள், உச்சியில் தச்சுப்பட்டறை இடுக்கி போல் இரண்டு தாடைகள். ஸ்டூரேயின் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து, தாடைகளுக்கு நடுவே வைத்து முறுக்கினார். கையை எடுத்தார். துப்பாக்கி தானாக நின்றது. யில்வாவுக்கு மனசு லேசானது.

"இரு, பரீட்சை வெச்சிருவோம். உனக்குப் பிடிச்ச விஷயம்தான?"

இழுப்பறையிலிருந்து தோட்டா வடிவத்தில் ஒரு லேசர் விளக்கை எடுத்தார். குறிநோக்கியைச் சரிபார்க்கக் கடையில் வைத்திருப்பது. அதைத் துப்பாக்கிக்குள் போட்டதும் எதிர்ச் சுவரில், மேல்சட்டைகள் தொங்கும் கம்பிக்கு மேலே, சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அசையவில்லை.

"வா, ஸ்டூரே. உம் மக ஆசப்படுறா."

"வேணாம், ஹென்னிங்."

"ஒண்ணுமில்லப்பா. வந்து இழு, போதும்."

"போங்கப்பா," என்றாள் யில்வா. "ஒரு தடவ காட்டிட்டு வாங்க."

அவர் எழுந்து போனார். தோளைக் கொடுத்தார். வலது கை விரல்கள் நுனியில் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அந்தக் கை பிடியில் பட்டதும் சுவரில் புள்ளிக்கு உயிர் வந்தது. முதலில் துள்ளியது. பிறகு இடமும் வலமும் ஓடி, ஒரு சட்டையின் மார்பில் இறங்கி, தோளுக்கு ஏறியது. அவர் மூச்சை அடக்கினார். மூச்சை அடக்கியதும் இன்னும் வேகமாக ஆடியது. விசையைத் தேடிய விரல் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கடைக்குள் வந்த ஒரு தம்பதி பாதியிலேயே நின்று சுவரைப் பார்த்தார்கள்.

"என்னமோ எழுதறான் பாரு," என்றார் ஆர்விட். "உயில் மாதிரி இருக்கு."

ஸ்டூரே கையை எடுத்தார். புள்ளி நின்றது.

"நானே சொல்லியிருப்பேன், யில்வா," என்றார் சுவரைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழம, சூப்பு குடிக்கும்போது. உம் பேரச் சொல்லலாம்னு இருந்தேன்."

அது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். வேட்டைக்கு முந்தின சாயங்காலம் குழுவின் குடிசையில் எல்லாரும் சூப்புக்கு உட்காரும்போது, துப்பாக்கியைக் கீழே வைக்கப்போகிறவன் எழுந்து சொல்வான். இனி நான் இல்லை, என் இடத்தில் இன்னார். எந்தத் தலைவரும் அதை மறுக்க முடியாது. தொப்பியைக் கழற்றி எல்லாரும் எழுந்து நிற்பார்கள். காடில்லாத ஸ்டூரேவுக்காகவும் ஹென்னிங் எழுந்து நின்றிருக்க வேண்டும். இடத்தை ஏற்கெனவே எடுத்திருந்தாலும், அவர் வாயால் சொல்லியிருந்தால் அது அவர் கொடுத்ததாகியிருக்கும். அப்பாவுக்கு அப்படி ஒரு யோசனை இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றவேயில்லை.

"அடடா," என்றார் ஹென்னிங். நிஜமாகவே வருத்தப்படுவதுபோல் இருந்தது. "இப்ப அது ஆகாதே. கடையில வெச்சுக் கேட்டாச்சு, நாலு பேரு பாத்தாச்சு. அவன் இனிமே சூப்புல எந்திரிச்சா சிரிப்பாங்க. எடம் எங்கையிலதான் இருக்கு. எம் மருமகன் வேற கேட்காமக் காத்துக்கிட்டிருக்கான்."

ஹென்னிங் யில்வாவின் பக்கம் திரும்பினார்.

"ஆனா நீ நல்லாச் சுடறவ. குறி சுடற சோதனையில ஒரு குண்டு தப்பல, நாம் பாத்தேன். உனக்கு வேணும்னா இப்பச் சொல்லு. சொல்லணும்னா முழுசாச் சொல்லணும். ஏன் உங்கப்பனுக்கு இல்லன்னும் சொல்லணும். இவங்க எல்லாரும் கேக்கணும்."

"கெளம்பலாம்மா," என்றார் ஸ்டூரே. "வா, போலாம்."

யில்வா அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரில் நின்ற புள்ளியைப் பார்த்தாள். மனக்கண்ணில், சாலையோரம் வண்டிகளுக்குக் காவலாக ஒரு மடக்கு நாற்காலி தெரிந்தது. அவருக்குப் பிறகு அதில் உட்காரப்போவது தான்தான் என்பதும் தெரிந்தது.

"எங்கப்பாவால இனிமே சுட முடியாது," என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "போன வருஷமே முடியல. சதுப்பு முனை எனக்கு வேணும்."

"திங்கக்கிழம விடியறப்போ வந்து நில்லு," என்றார் ஹென்னிங். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆர்விட் மட்டும் தரையைப் பார்த்தார்.

அவள் ஜன்னலுக்குப் போய் மெலிதான முக்காலியை எடுத்துவந்து கல்லாவில் வைத்தாள்.

"ஒயரம் சரிபண்ணிப் பாக்கலயா?" என்றார் ஹென்னிங்.

"வேணாம்," என்றார் ஸ்டூரே. "வந்ததுமே தன் ஒயரத்துக்குச் சரிபண்ணி வெச்சுட்டா."

யில்வா பணத்தைக் கொடுத்தாள். கால்களை மடக்காமலே முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். மணி அடித்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தாண்டும்போது கண் தானாக உள்ளே போனது. அப்பா இடுக்கியின் திருகோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் வழுக்கின. யாரும் உதவிக்கு வரவில்லை. துப்பாக்கி அவர் கைக்கு வராமல் இடுக்கியிலேயே இருந்தது. எதிர்ச் சுவரில், சட்டைகளுக்கு மேலே, அந்தப் புள்ளி அவர் தொடும்போதெல்லாம் துடித்தது, விடும்போதெல்லாம் நின்றது.

அவள் வண்டியை நோக்கி நடந்தாள்.