காட்டுக்கொம்பு முருகதாஸ்

தக்கலையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் முருகதாசுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. மீசை மட்டும் உண்டு. அந்த மீசையைப் பார்த்துத்தான் விளம்பரக்காரர்கள் கடைக்குள் ஏறி வந்தார்கள். விளம்பரம் 'காட்டுக்கொம்பு சோடா'வுக்கு. அதே பெயரில் பிராந்தி இருப்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிராந்தியை விளம்பரம் செய்யச் சட்டம் விடாது என்பதால் சோடா முன்னால் வந்து நின்றது. வெறும் சோடாவுக்கு எதற்கப்பா இத்தனை வீரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முட்டம் பாறை மேல் படம் பிடித்தார்கள். முருகதாஸ் கூட்டாளிகளோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு பெண் தட்டில் தம்ளர்களை ஏந்தி வந்து ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தள்ளி நில்லுட்டி, ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்" என்பான். அவளும் சிணுங்கிச் சிரிப்பாள். அவ்வளவுதான் விளம்பரம்.

அது வெளிவந்த பிறகு முருகதாசுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டக்டர்கள் பஸ் படியில் தொங்கிக்கொண்டு "தள்ளி நில்லுட்டி!" என்று கூவிவிட்டுப் போனார்கள். மட்டிப்பழம் வாங்க வந்தவர்கள் அதைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டினான். கைதட்டல் அவனுக்கு இனிக்க இனிக்க இருந்தது.

அப்போதுதான் அருமனையிலிருந்து குமாரதாஸ் போன் செய்தார். அவர் மகள் அஸ்வதியைத்தான் முருகதாசுக்குப் பேசி வைத்திருந்தார்கள். "மக்களே, நிச்சயத்த இப்பம் வைக்காண்டாம்" என்றார். அஸ்வதி என்றால் முருகதாசுக்கு உயிர். கடையை அப்படியே விட்டுவிட்டு பைக்கில் பறந்தான்.

"மாமா, ஒரு சொட்டு தொட்டதில்ல. பதியில, சாமி முன்னால வச்சு வேணும்னாலும் சத்தியம் பண்ணுகேன்."

"அது ஊருக்கே தெரியுமே. எனக்கு ஒண்ணுமில்ல. இவதான் ஒத்துக்க மாட்டேங்கா."

அஸ்வதி வங்கியில் வேலை பார்ப்பவள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். "அந்தப் பிள்ள என்ன சொல்ல வந்தா?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ள?"

"தட்டு கொண்டு வந்தாளே."

முருகதாஸ் திருதிருவென விழித்தான். "அது ஸ்கிரிப்டுல இல்ல."

"காசு வாங்கிட்டு இருந்த இருப்ப பாத்தாச்சு. காசு வாங்காம எப்பிடி இருப்பீங்கன்னும் பாக்கணும். நாளைக்கு எங்க அஜின் அண்ணனுக்க கல்யாணத்துக்குக் காய் வெட்டு. வாங்க."

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஆணும் பெண்ணுமாக ஊரே கூடி உட்கார்ந்து அவியலுக்கும் சாம்பாருக்கும் காய் வெட்டுவது அங்கே வழக்கம். முருகதாஸ் போய்ப் பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சேனையை வெட்டிக்கொண்டிருந்தான். மீசையை ஒளிக்க முடியுமா? அஜினின் கூட்டாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்நேரம் பார்த்து அஸ்வதி தட்டில் சாயா கொண்டு வந்தாள். உடனே போன்கள் உயர்ந்தன.

"ஏலே, பொண்ணு தட்டோட நிக்கி! டயலாக்கச் சொல்லுங்க மாப்ள!"

முருகதாசுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் பந்தலே அதிரும் என்று அவனுக்குத் தெரியும். அஸ்வதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல மாட்டேன் மக்கா. அது கொள்ளாத பேச்சு, கெட்ட பேச்சு."

"பெண்டாட்டிக்குப் பயந்தவன்லே!" என்றான் ஒருத்தன். "இப்பமே இப்பிடியா? மீசைய வழிச்சிரும்!" என்றான் இன்னொருத்தன். விசில் பறந்தது. கிழவர்கள்கூடச் சிரித்தார்கள். முருகதாசுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. ஆனாலும் தலையைக் குனிந்து சேனையையே வெட்டினான்.

அஸ்வதி தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா, நிச்சயத்துக்கு நாள் பாருங்க."

குமாரதாஸ் பதறிப்போனார். "ஏட்டி, பயக்க எல்லாம் சேந்து அவன நாறடிச்சிட்டிருக்கானுவ. இப்பமா சொல்லுக?"

"இத்தன ஆம்பளைங்க முன்னால எனக்காவ ஒருத்தரு தோத்து இருக்காரு. இனி என்னத்தப்பா பாக்கணும்?"