முப்பது படத்திலும் அதே கை

பம்பு மெக்கானிக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சு குறையும். அன்று மச்சினனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டதோடு சரி. மச்சினன் நடத்தும் பயிற்சி வகுப்பில் புதுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அட்டையில் மச்சினன் பெயர். உள்ளே முப்பது படங்கள். எந்த நட்டை முதலில் கழற்றுவது, வாஷரை எந்தப் பக்கம் வைப்பது என்று இவர் பன்னிரண்டு வருஷமாக நோட்டில் வரைந்தவை. பாடம் எடுக்க ஒரு வாரத்துக்கு என்று அவன் வாங்கிப்போன நோட்டு.

ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக வக்கீலம்மாவிடம் போனார்.

"எங்கேயும் பதியலையாம். அதனால என்னுது இல்லையாம். மூஞ்சிக்கு நேரா சொல்றான்."

"பதியலைன்னாலும் வரைஞ்ச அன்னிக்கே உரிமை உங்களுதுய்யா. ஆனா பம்பு ரிப்பேர் பண்ற வழி யாருக்கும் சொந்தமில்ல. அவரே எழுதி, அவரே வரைஞ்சிருந்தா கேக்க முடியாது."

"அவனுக்கு நேர்கோடு போட வராதும்மா."

"உரிமை தர்றதா எதையாவது எழுதிக் குடுத்தீங்களா?"

"கூரியர்காரனுக்கே கையெழுத்துப் போடமாட்டேன். பார்சல் திரும்பிப் போகும்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. நோட்டு எங்கே?"

"தொலைஞ்சுபோச்சுங்கறான்."

"அப்போ வரைஞ்சது நீங்கதான்னு எப்படிக் காட்டுவீங்க?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். திடீரென்று நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். புத்தகத்தோடு எழுந்து மச்சினன் வகுப்புக்கே போனார்.

வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மாமா. அடுத்த பதிப்புல உங்களுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டுடறேன். வக்கீல்கிட்ட போனீங்களாமே, குடும்பத்துக்குள்ள அதெல்லாம் எதுக்கு?"

"இதெல்லாம் யாருடா வரைஞ்சது?"

மச்சினன் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "நான்தான். என் கையை மேசைல வெச்சு, பாத்துப் பாத்து வரைஞ்சேன்."

"அப்போ இதுல வை."

புத்தகத்தை விரித்தார். நட்டைப் பிடித்திருந்த இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. அடுத்த பக்கத்திலும் பாதி. முப்பது படத்திலும் பாதி. என்றோ ஒரு பழைய மோட்டாரின் பெல்ட் பறித்ததுபோக மிஞ்சிய தன் விரலை அவர் திருத்தி வரைய நினைத்ததே இல்லை. படியெடுத்தவனும் கவனிக்கவில்லை.

தன் இடது கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தார். முன்வரிசைக்காரன் எட்டிப் பார்த்து, "அதே கை," என்றான்.

மச்சினன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"உன் நன்றி எனக்கு வேணாம்," என்றார் மெக்கானிக். "அட்டைய மாத்து. நோட்டைக் குடு. குடுக்கற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

நாற்காலியை வாசல் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மச்சினன் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். பீரோவைத் திறந்து அந்த நோட்டை வெளியே எடுத்தான்.