பழப்புளி பட்ட தொட்டி

இக்னேசியஸ் நல்ல வேலைக்காரன். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாததுதான் அவனிடம் இருந்த ஒரே குறை. சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை மியூசியமாக்கியிருந்தார்கள். 1986இல் அங்கே துப்புரவுக்குச் சேர்ந்தான். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். அது அந்தக் கிழமை வெள்ளியோடு முடிகிறது. பொறுப்பாளர் மாகிறற் வேலைக் கடிதம் தந்தால்தான் மன்னாரிலிருக்கும் மனைவி கிளடிஸை ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்குக் கூப்பிடலாம்.

வியாழக்கிழமை ஒரு செம்புத் தொட்டி வந்திறங்கியது. கதிரை மாதிரி முதுகு. படுக்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. இதற்குள் மனுசன் எப்படிக் குளிப்பான்? அறியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மாகிறற்றையே கேட்டான். போன நூற்றாண்டின் தண்ணீர் வைத்தியமாம். இடுப்பு மட்டும் குளிர்ந்த தண்ணீருக்குள், காலும் தலையும் வெளியே. தலையிடி, மலச்சிக்கல், மனக்கவலை எல்லாவற்றுக்கும் அதே தொட்டிதானாம்.

சனிக்கிழமை கண்காட்சி. தொட்டியோ பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. திருநாளுக்கு முதல்நாள் கோவில் மெழுகுதிரிக் கால்களை மினுக்கிப் பழகிய கை விடுமா? வெள்ளி காலை பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தான். பாதி பளபளத்தபோது, அவனுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்த இராசதுரை வந்து தலையில் கைவைத்தார்.

“ஐயோ தம்பி, உந்தப் பச்சைதானடா பழசு எண்டதுக்கு அத்தாட்சி! ஆர் தேய்ச்சதெண்டு தெரியாதெண்டு சொல்லு.”

“பொய் சொல்லி வாங்கிற கடிதத்திலையோ அண்ணை அவளைக் கூப்பிடுறது?”

மாகிறற் வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் முகம் சிவந்தது. “நான்தான்” என்றான் இக்னேசியஸ். தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தேய்க்குமுன் உள்ளே ஏறி இருந்து பார்த்ததையும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் உளறிவிட்டான்.

“இருந்து பார்த்தாயா?” அவள் குரல் மாறியது. “எப்படி இருந்தது?”

“முதுகுக்குச் சுகம். முழங்கால் நாடியில் முட்டுது. குளிர்ந்த தண்ணியும் விட்டால் வருத்தம் தானாகப் பயந்து ஓடும்.”

மாகிறற் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொட்டிகளைப் பற்றி எழுதுகிறவள். ஒருநாளும் ஒன்றில் இருந்து பார்த்ததில்லை. சப்பாத்தைக் கழற்றினாள். ஏறி இருந்தாள். முழங்கால் நாடியில் முட்டியதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“மிச்சப் பாதியைத் தொட்டாயோ, வேலை போய்விடும். சனம் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும்” என்றாள். பிறகு, “பேனையும் கடதாசியும் எடுத்து வா. உன் மனைவியின் பெயருக்கு என்னென்ன எழுத்து?”

முழங்காலில் வைத்து அவள் எழுத, இக்னேசியஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். கடைசி எழுத்து முடியும்வரை கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றான்.