ஆப்பில் நின்றவர்கள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை பிற்பகல். தேவாலயத்தின் நிலவறைச் சமையல்கூடத்தில் ஊருக்கான மாலை விருந்துக்கு லைல் பெட்ரோஸ்கி மீன் துண்டுகளை மாவில் தோய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளூர் வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. கை முழுக்க மாவு. அவர் மனைவி நோரீன் போனை ஸ்பீக்கரில் போட்டு, முட்டைக்கோஸ் பாத்திரத்தில் சாய்த்து வைத்தாள்.

என்ன கேட்பார்கள் என்று லைலுக்குத் தெரியும். அவர் ஒரு காலத்தில் ஆடிய அமெரிக்கக் கால்பந்தில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது, அதைப் பிடித்து ஓடுகிறவனுக்கு முன்னால் நான்கு தடியர்கள் தோளோடு தோள் ஒட்டி ஆப்பு மாதிரி பாய்வார்கள். தலையில் அடிபடுகிறது என்று அந்த வாரம்தான் அதைத் தடை செய்திருந்தார்கள். இனி இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது.

"ஆப்புக்கே ஆப்பு வெச்சுட்டாங்க" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் கர்ட்டிஸ். எண்ணெய்ச் சட்டி அவர் பொறுப்பு. அந்த ஆப்பில் ஆறு வருடம் லைலின் இடது பக்கம் நின்றவர்.

"பெட்ரோஸ்கி சார், எழுபத்து நாலுல அந்தப் பனி ஆட்டம். ரெண்டு பேரை ஒரே இடியில சாய்ச்சீங்களே. அந்த அடி விழுந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்றான் வானொலிக்காரன்.

முப்பத்தைந்து வருடமாக இந்த ஊர் அவரை அந்தக் கதைக்காகவே பீர் வாங்கிக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. இரண்டு பேர் சாய்ந்தது, தான் எழுந்து ஓடியது, எல்லைக்கோட்டில் பந்தோடு நின்றவனைத் தூக்கிச் சுற்றியது. ஆனால் எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. நினைவில் இருந்ததெல்லாம் ஈரப் பனியின் வாசனை, விலாவில் கர்ட்டிஸின் முழங்கை. அதற்கு அடுத்தது குளியலறையில் முதுகில் விழுந்த வெந்நீர். நடுவில் ஒன்றுமே இல்லை. அவருக்கு வலது பக்கம் நின்ற டட்ச் ரெய்னி போன இலையுதிர்காலத்தில் செத்துப்போனான். கடைசி நாட்களில், பெண்டாட்டியைப் பார்த்து யாரும்மா நீ என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஞாபகமில்ல தம்பி" என்றார் லைல். "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. கர்ட்டிஸ் சொன்னதைத்தான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

நோரீன் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவள் அவரோடு முதன்முதலில் நடனமாடப் போனாள்.

வானொலிக்காரன் கொஞ்சம் தடுமாறினான். "அப்போ... இந்த விதி நல்லதுங்கறீங்களா?"

"நாளைக்கே கூப்பிட்டாலும் போய் நிப்பேன். அந்த மாதிரி இடம் அது. அதனாலதான் யாராவது தடுக்கணும்போல."

நோரீன் போனை அணைத்தாள். கர்ட்டிஸ் சட்டிக்கு அடியில் தீயைக் குறைத்தார்.

"எங்கிட்டக்கூட நீ சொன்னதில்லையேடா."

"எப்படிச் சொல்றது? உன் கதைடா அது."

"என் கதையும் இல்ல." கர்ட்டிஸ் கரண்டியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "நானும் கீழதான் கெடந்தேன். பனியைத் தவிர எதுவும் பார்க்கல. பஸ்ல நீ திருதிருன்னு முழிச்சிட்டிருந்தே. உங்கம்மா பேரைக் கேட்டேன், உனக்குத் தெரியல. உன்னைத் தூங்கவிடக் கூடாதுன்னு, நீ ரெண்டு பேரைச் சாய்ச்சே, எழுந்து ஓடினேன்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டே வந்தேன். மறுநாள் நீயே எல்லார்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சிட்டே. எப்படி நிறுத்தறது?"

"அப்போ அந்த ரெண்டு பேர்?" என்றாள் நோரீன்.

"ஒருத்தனாவது இருந்திருப்பான்" என்றார் கர்ட்டிஸ்.

லைலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, நெற்றியெல்லாம் மாவாக்கிக்கொண்டார். நோரீன் துண்டை நனைத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தை மெதுவாகத் துடைத்தாள்.

தெரு மட்டத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்கு வெளியே மீனுக்கு வரிசை சேரத் தொடங்கியிருந்தது. கால்கள் மட்டும் தெரிந்தன. சேறு படிந்த பூட்சுகள், ஒரு கைத்தடி, கரைந்த பனியில் மாறி மாறி ஊன்றிக் குளிரைப் போக்கிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியின் சிவப்புக் காலணிகள்.