முனாப் விட்டுப்போன சிலந்தி

உலகத்தில் யாராவது சிலந்தியை ஆசையாக வளர்ப்பார்களா? ஏறாவூர்த் தேன் வியாபாரி முனாப் வளர்த்தான். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிரும் வரியும். கிரான் காட்டில் தேன் எடுக்கப் போன இடத்தில் அதைப் பிடித்து அவனுக்குக் கொடுத்தவனே, அவனுக்குத் தேன் எடுத்துக் கொடுக்கும் கூட்டாளி சாமித்தம்பிதான். நல்ல வேலை பார்த்தான்! முனாப் வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட்டபோது, அது இருக்கிற வீட்டில் தான் இருக்கமாட்டேன் என்று அவன் மனைவி ஹஸீனா ஒற்றைக் காலில் நின்றாள். சிலந்தி சாமித்தம்பியின் பொறுப்பாயிற்று.

அது இருந்த மிட்டாய்ப் போத்தலோடு, கண்ணாடி பதித்த பெரிய மரப்பெட்டி ஒன்றையும் முனாப் கொண்டுவந்து வைத்தான்.

"போத்தல் பத்தாமப் போனா இதுக்கு மாத்து மச்சான். போத்தலச் சரிச்சு வாயப் பெட்டிக்குள்ள வை. பின்னால நீளப் பிரஷால மெல்லத் தொடு, தானாப் போகும். கைய மட்டும் விட்டுராத, கண்மூடித் திறக்கக்குள்ள பாஞ்சிரும். முன்னங்கால உசத்திட்டுதெண்டா மூடிப்போட்டு நாளைக்குப் பாரு. அவசரப்பட்டா போச்சு."

"ஓம், ஓம். நான் பாக்காத பூச்சியா?" என்றான் சாமித்தம்பி.

கரப்பான் பிடித்துப் போடுவது முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அது இரை தின்பதைப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. வயல்வட்டைப் பக்கம் விழுந்த ஒரு செல் குண்டின் அதிர்வில் போத்தலின் அடியில் கீறல் விழுந்தது. சாமித்தம்பி சொன்னபடியே போத்தலைச் சரித்துப் பிரஷால் தொட்டான். சிலந்தி பெட்டிக்குள் போகவில்லை. சட்டென்று திரும்பி, முன்னங்கால்களை உயர்த்திப் பல்லைக் காட்டி, பிரஷ் பிடி வரைக்கும் ஏறி வந்துவிட்டது. உதறிப் போத்தலுக்குள்ளேயே தள்ளி மூடினான்.

"பிள்ளையள் படுக்கிற வீடு. இப்பவே ஒரு வழி பண்ணுங்க!" என்று அவன் மனைவி கண்ணகை வாசலில் நின்று கத்தினாள்.

அதோடு விட்டிருக்கலாம். போத்தலைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தால் மறுநாள் வரைக்கும் தாங்கியிருக்கும். ஆனால் ஆயிரம் தேன்கூட்டை அடக்கியவன் ஒரு சிலந்திக்குப் பயந்தான் என்றிருக்கலாமா? தேன் எடுக்கிறவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். தேங்காய்த் தும்பைக் கொளுத்தி, மூடியைக் கொஞ்சம் விலக்கிப் புகையை ஊதினான்.

சிலந்தி இரண்டு சுற்று ஓடியது. பிறகு கால்களை ஒடுக்கிக்கொண்டு பேசாமல் கிடந்தது. அதைப் பெட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, "பாத்தியா?" என்று கண்ணகையிடம் பெருமையடித்தான்.

பொழுது சாயும்வரை ஒடுக்கிய கால் விரியவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தான். விசிறிப் பார்த்தான். பிறகு வேலியோரம் புதைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் அழுதான். மனிதர்கள் சாகிற காலத்தில் ஒரு சிலந்திக்கு அழுவது வெட்கமாகவும் இருந்தது.

கட்டாரிலிருந்து ஊருக்கு வந்த மறுநாளே முனாப் வந்து நின்றான். "எங்க மச்சான் நம்மட ஆள்?"

உண்மையைச் சொல்லத்தான் சாமித்தம்பி வாயைத் திறந்தான்.

"சுற்றிவளைப்புக்கு வந்த ஆமி பெட்டியத் திறந்துட்டானுகள். பாஞ்சு ஓடிட்டு."

முனாப் காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு சாமித்தம்பியின் தோளில் கை வைத்தான்.

"அவனுகள்ட கையில எதுதான் தப்பினது? நீ என்ன செய்வாய். உசிரோட ஓடினதே பெரிசு."

அன்றிலிருந்து முனாப் எப்போது வந்தாலும் சாமித்தம்பியின் வீட்டு வளவில் இருக்கிற வேம்பின் கீழ் நின்று கிளை கிளையாகச் சிலந்தியைத் தேடுவான். பக்கத்தில் நின்று சாமித்தம்பியும் அண்ணாந்து பார்ப்பான்.