திருப்தி ஆகும்வரை

கட்டட ஒப்பந்தங்களைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் சொந்த வீட்டைக் கட்ட அந்தக் காண்ட்ராக்டரை நானே தேடிப்போனேன். அவரிடம் பூச்சுவேலை எடுத்துத்தான் என் அண்ணன் அழிந்தான். "எனக்குத் திருப்தி இல்ல" என்று சொல்லிச் சொல்லியே, பூசிய சுவரைத் திரும்பத் திரும்ப உடைத்துப் பூசவைத்தார். பூசும் கரணையைத் தூக்கி எறிந்த அண்ணன் இப்போது ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அந்த ஆளை அதே போல அலைக்கழிக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அவரது கண்ணாடி மேசையில் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். நாலாம் பக்கம்: 'வேலை கொடுப்பவருக்குத் திருப்தி ஆகும்வரை, வேலை எடுப்பவர் செய்த வேலையைத் தன் செலவில் உடைத்துச் செய்துதர வேண்டும்.' அண்ணனுக்குப் போட்ட அதே பத்திரம்! பெயர்களை மட்டும் மாற்றி அச்செடுத்திருக்கிறார்கள். அன்று வேலை கொடுத்தவர் இவர். இன்று கொடுப்பவள் நான். வேறு யாருடையதாக இருந்தாலும் பென்சிலால் வட்டம் போட்டிருப்பேன். இப்போது மூச்சு விடவில்லை. வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது.

அவர் கண் அங்கே போகாதிருக்க, தண்ணீர் யார் தருவது, செங்கல்லை எங்கே அடுக்குவது என்று மல்லுக்கு நின்று, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன்.

"உங்கள கறார்னு சொன்னாங்க மேடம். தங்கமானவங்களா இருக்கீங்க!"

"எதுக்கும் முழுசா ஒருதடவ படிச்சுடுங்க சார்."

"என் பத்திரத்த நானே படிக்கணுமா?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

முதல் அறை பூசி முடிந்ததும் அண்ணனை அழைத்துப்போனேன். காண்ட்ராக்டருக்கு முகம் செத்துவிட்டது. அண்ணன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்தான். சுவரை உள்ளங்கையால் தடவினான்.

"நல்ல பூச்சு. வா, போலாம்."

"நல்லா பாருண்ணே."

"பாத்துட்டேன். விட்டுடும்மா."

எப்படி விடுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாம் பக்கத்தை அவர் முன் நீட்டினேன். "எனக்குத் திருப்தி இல்ல சார். உடைங்க."

அவர் படித்தார். அவ்வளவு நேரம் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. பிறகு மூலையில் கை கழுவிக்கொண்டிருந்த பூச்சுக்காரன் பக்கம் திரும்பினார்.

"காதுல விழுந்துச்சா? உன் செலவுல உடைச்சுப் பூசு."

பூச்சுக்காரன் சுத்தியலை எடுத்தான். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே போய், அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.