பொரளையோடு நின்ற கோப்பு

2003இல் கொழும்புத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஓர் இரண்டு சேர்ந்தது. வெள்ளவத்தையில் பில் அச்சிடும் எங்கள் அலுவலகத்துக்கு அதனால் ஒரு வேலை வந்தது. நுகேகொடைக் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர் கோப்பில் எல்லா எண்களையும் திருத்த வேண்டும். இதை முடித்தால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சவுந்தரநாயகம் சொல்லியிருந்தார்.

ஆளுக்கொரு வரி, பல வருடப் பில் விபரமும் அந்த வரியிலேயே. முழுக் கோப்பும் எங்கள் கம்பியூட்டரின் மெமறிக்குள் அடங்காது. ஆகவே நான் அதைத் திறக்கவேயில்லை. ஒரு வரியை வாசித்து, திருத்தி, புதுக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். மெல்லத்தான் ஓடியது. பழைய கோப்புக்கும் புதுக் கோப்புக்கும் மேலே இன்னொரு பிரதி வைக்க டிஸ்க்கில் இடமிருக்கவில்லை.

என் மேலாளர் ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரர். வந்த நாளிலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரை.

“என்ன ஐசே, உங்கட ஊர் மாட்டுவண்டியோ ஓடுது?”

“ஓடட்டும். தொடாதேங்கோ.”

“எனக்கே ஓடர் போடுறாய்?”

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, என் புரோகிராமை நிறுத்தி, அது எழுதியதை அழித்து, கோப்பை எக்செலில் போட்டுத் திருத்தி, அதே பெயரில் சேமித்திருந்தார்.

“முதலாளிர வீட்டு நம்பரைப் பாத்தனான், சரி. உன்ர லொட்ஜ் நம்பரும் சரி. இதுக்கு ஒரு புரோகிராம்.”

இரண்டும் வெள்ளவத்தை, தபால் வலயம் கொழும்பு ஆறு. கோப்போ கொழும்பு ஒன்றிலிருந்து பதினைந்து வரை வரிசையாக இருந்தது. கடைசி வரிக்குப் போனேன். பொரளை, கொழும்பு எட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எக்செல் ஓர் எல்லைக்கு மேல் வரிகளை எடுக்காது.

“முழுக்க எடுபடேல்லையெண்டு ஒரு பெட்டி வந்திருக்குமே?”

“வந்தது. ஓகே அடிச்சனான்.”

“அப்ப உங்கட கொட்டாஞ்சேனையும் போச்சு. அது பதின்மூண்டு.”

அவர் எனக்கு முன் முதலாளியின் அறைக்குள் போய்விட்டார். நான் நுழைந்தபோது, “உவன்ர புரோகிராம்தான் ஃபைலைத் திண்டது, சேர்,” என்று முடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொன்னேன். சவுந்தரநாயகம் இருவரையும் பார்த்தார். அவருக்கு விளங்கியது என்பது எனக்கும் விளங்கியது.

“தம்பி, நுகேகொடைக்குப் போய், உம்மட பிழையெண்டு சொல்லி ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாரும். ஹியூபேட்டைத்தான் அவங்களுக்குத் தெரியும், அவற்ற பேர் கெடக் கூடாது. நாளைக்கே உம்மை நிரந்தரமாக்கிற கடிதம் தாறன்.”

“போறன் சேர். ஆனா ஆர் வெட்டினதெண்டு கேட்டா, வெட்டினவற்ற பேரைத்தான் சொல்லுவன்.”

“அப்பிடியெண்டா போக வேண்டாம். நாளைக்கு இங்கயும் வர வேண்டாம்.”

நான் பையை எடுத்தபோது ஹியூபேட் வாசலை மறித்தார்.

“புரோகிராம் எங்க?”

“மெசினிலதான் கிடக்கு. நுகேகொடைக்குப் போய்ப் பல்லைக் காட்டி ஃபைலை வாங்கி வந்து ஓடவிடும். முடியுமட்டும் கையைக் கட்டிக்கொண்டு இரும்.”

“ஆரோட கதைக்கிறாயெண்டு தெரியுதே?”

“தெரியும். இனி எனக்கு மேலாளரா இல்லாத ஒராளோட. வழியை விடும்.”

விட்டார்.